துண்டு போர்த்திய வலைப்பை

சந்தையிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தோம். என் கையில் பை. எனக்கு நாலடி பின்னால் என் மனைவி சரஸ்வதி. நாங்கள் குடியிருந்த மண்ணரைக்குள் நுழைகிற திருப்பத்தில் அவள் நின்றுவிட்டாள்.

"ஏனுங்க, அந்தத் துண்டக் கொஞ்சம் குடுங்க."

வெயிலுக்குக் கேட்கிறாள் என்று நினைத்து, தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கொடுத்தேன். அவள் அதைத் தலையில் போட்டுக்கொள்ளவில்லை. என் கையில் இருந்த பையின்மேல் போர்த்தி, முனைகளைக் கைப்பிடியில் இறுக்கிச் செருகினாள்.

"இப்ப நடங்க" என்றாள்.

பைக்குள் திருட்டுச் சொத்து ஒன்றும் இல்லை. ஒரு பொட்டலம் நொய்யரிசி, அடிபட்ட தக்காளி, சின்ன வெங்காயம், ஒரு கட்டு அரைக்கீரை, காகிதத்தில் சுற்றிய நெத்திலிக் கருவாடு. காகிதம் கிழிந்து, இரண்டு நெத்திலிகள் பையின் ஓட்டை வழியாகத் தலையை நீட்டி எங்கள் தெருவை வேடிக்கை பார்த்தன. அவ்வளவுதான் நடந்தது. அதற்குத்தான் என் துண்டு போனது.

அந்தப் பையைப் பின்னியவன் நான். பனியன் கம்பெனியில் கழித்துப் போட்ட நூலில், ஒரே ஒரு கொக்கி ஊசியால், கண்ணுக்குக் கண் சமமாக நான் பின்னிய வலைப்பை.

போன வாரம் இந்தப் பத்தியில், அந்தக் காலத்தில் கால் ஒடிந்து ஆஸ்பத்திரியில் கிடந்த கதையை எழுதும்போது, அங்கே ஒரு நர்ஸ் எனக்குக் குரோஷா பின்னல் சொல்லிக்கொடுத்தார் என்று ஒரு வரி போகிற போக்கில் எழுதியிருந்தேன். ஒடிந்த காலைப் பற்றி வாசகர் ஒருவர்கூட விசாரிக்கவில்லை. குரோஷாவைப் பிடித்துக்கொண்டார்கள். "ஆண்பிள்ளையாகிய தாங்கள் எப்படி?" என்று கேட்டு ஒருவர் இன்லண்ட் கவரின் மூன்று பக்கத்தையும் நிரப்பியிருக்கிறார். ஆண்பிள்ளையாகிய நான் பதில் சொல்கிறேன்.

சொறிய முடியாதவன் பாடு

மாவுக்கட்டுப் போட்டவர்களுக்குத் தெரியும். வலி பத்து நாளில் அடங்கிவிடும். அரிப்பு அடங்காது. நான் விளக்குமாற்றிலிருந்து ஓர் ஈர்க்குச்சியை உருவி, கட்டுக்குள் விட்டுச் சொறிந்துகொண்டிருந்தேன். தாராபுரம் பக்கத்து ஆஸ்பத்திரி அது. அங்கிருந்த நர்ஸ் நாகர்கோவில் பக்கத்துப் பெண். குச்சியைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்டார்.

"அண்ணே, இப்படிச் சொறிஞ்சா உள்ள புண்ணாயிரும் பாத்துக்கிடுங்க. கைய சும்மா வச்சிருக்கதுனாலதான் இந்தக் கூத்து. இந்தாங்க, இதைப் பிடிங்க."

தலையில் சின்னக் கொக்கி உள்ள ஓர் எஃகு ஊசி, ஓர் உருண்டை வெள்ளை நூல். முதல் நாள் கேலியாகத்தான் வாங்கினேன். அவர் ஒரு வளையம் போட்டு, அந்த வளையத்துக்குள் ஊசியை விட்டு, நூலைக் கொக்கியில் மாட்டி இழுத்தார். அடுத்த வளையம் வந்தது. அதற்குள் ஊசியை விட்டு மறுபடி இழுத்தார்.

எனக்கு உடனே பிடிபட்டுவிட்டது. எட்டு வருஷமாக நான் பார்த்துக்கொண்டிருந்த வேலை அது. பனியன் துணி ஓட்டும் வட்ட மிஷினில் ஆயிரக்கணக்கான ஊசிகள் சுற்றிச் சுற்றி இதைத்தான் செய்கின்றன. ஒவ்வொன்றுக்கும் தலையில் கொக்கி, ஒவ்வொன்றும் வளையத்துக்குள் வளையம் இழுக்கிறது. கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் மிஷின் செய்வதை இந்தப் பெண் நிதானமாகச் செய்து காட்டினார்.

கட்டுப் பிரிப்பதற்குள் மேஜை விரிப்பு ஒன்றும் டிபன் பாக்ஸுக்கு ஓர் உறையும் பின்னியிருந்தேன். பக்கத்துக் கட்டில்காரர் என் பக்கம் திரும்பிப் படுப்பதையே நிறுத்திவிட்டார்.

ஊசியால் பிழைக்கிற ஊர்

இந்த ஊரின் ஆண்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவர்களைப் பார்த்து நான் சிரிக்க ஆரம்பித்தது அந்த வலைப்பைக்குப் பிறகுதான்.

திருப்பூரில் முறுக்கு மீசை வைத்தவனும் ஊசியால்தான் சாப்பிடுகிறான். துணி விளிம்பு பிரியாமல் ஓவர்லாக் அடிக்கிறவன் ஆண். பவர் டேபிளில் உட்கார்ந்து குழந்தை ஜட்டிக்குப் பூ வைத்துத் தைக்கிறவன் ஆண். காலர் வைக்கிறவன், காஜா எடுக்கிறவன், பட்டன் கட்டுகிறவன் எல்லாம் ஆண். சாயங்காலம் டீக்கடையில் தொடை தட்டிப் பேசுகிற அத்தனை பேரும் காலையில் ஊசிக்கு நூல் கோத்தவர்கள். அதில் யாருக்கும் கௌரவக் குறைச்சல் கிடையாது.

ஆனால் ஒருவன் மோட்டார் இல்லாத ஊசியைக் கையில் பிடித்தால் போயிற்று. அவன் குடும்பத்தையே சந்தேகமாகப் பார்ப்பார்கள். ஊசிக்குப் பின்னால் மோட்டார் ஓடினால் ஆண்பிள்ளை வேலை, ஓடாவிட்டால் பொம்பளை வேலை. இந்தச் சட்டத்தை எந்தப் புத்திசாலி போட்டானோ தெரியவில்லை. ஊர் முழுக்க அதை ஒழுங்காகக் கடைப்பிடித்தது.

ரொம்ப யோக்கியன் மாதிரி எழுதுகிறேன். நானும் அந்தச் சட்டத்துக்குப் பயந்தவன்தான். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அந்த வலைப்பையைக்கூடக் கதவைச் சாத்திக்கொண்டுதான் பின்னினேன். நூல் சுற்றி வரும் கோனின் அடியில் மிஞ்சுகிறதை மேஸ்திரியிடம் கேட்டு வாங்கி, ஏழெட்டு இழையைச் சேர்த்து முறுக்கி வைத்துக்கொள்வேன். ஒற்றை இழையில் பின்னினால் தேங்காய் தாங்காது.

மஞ்சப்பையின் மகிமை

சரி, வலைப்பையில் சரஸ்வதிக்கு என்ன குறை? கனமில்லை. மடித்தால் சட்டைப் பையில் அடங்கும். தண்ணீரில் அலசி உதறினால் காய்ந்துவிடும். கீரை அழுகாது. ஒரே ஒரு குறைதான். உள்ளே இருப்பது வெளியே தெரியும்.

எங்கள் லைன் வீட்டில் எட்டுக் குடித்தனம், ஒரு குழாய். வாசலில் உட்கார்ந்திருக்கும் ராஜாமணியக்கா, சந்தைக்குப் போய் வருகிற யாருடைய முகத்தையும் பார்க்க மாட்டார், பையைத்தான் பார்ப்பார். பை எந்தக் கல்யாணத்தில் கொடுத்தது, எந்தக் கடையில் கொடுத்தது என்பதிலேயே பாதி மரியாதை முடிவாகிவிடும். ஜவுளிக்கடைப் பை வேண்டும் என்பதற்காகவே அந்தக் கடைக்குப் போய் ஒரே ஒரு கைக்குட்டை வாங்கி வந்தவளை எனக்குத் தெரியும். அந்தப் பையை அவள் இரண்டு வருஷம் சுமந்தாள். கைக்குட்டை முதல் வாரமே தொலைந்துவிட்டது.

பிளாஸ்டிக் கவர் அப்போதுதான் ஊருக்குள் பரவிக்கொண்டிருந்தது. அதைக் கழுவிக் கொடியில் கிளிப் போட்டுக் காயவைத்த காலம். மழைக்காலத்தில் வேட்டி காய இடமில்லாவிட்டாலும் கவருக்கு இடம் ஒதுக்கினார்கள்.

சரஸ்வதி மடத்துக்குளம் பக்கத்துத் தோட்டத்து வீட்டில் பிறந்தவள். கிணறு, தென்னை, நாலு மாடு என்று இருந்த வீடு. எந்தப் பெரிய சம்பந்தமும் கூடி வராததால் பனியன் கம்பெனித் தொழிலாளியான எனக்கு வந்து சேர்ந்தாள். வந்த நாளிலிருந்து அவளுக்கு ஒரே ஒரு வைராக்கியம். உள்ளே நாங்கள் என்ன தின்கிறோம் என்பது வெளியே யாருக்கும் தெரியக்கூடாது. நொய்யரிசி வாங்குகிறோம் என்று ராஜாமணியக்கா வாய் வழியாக மடத்துக்குளம் போய்விட்டால், அவள் அப்பா முகத்தை எங்கே கொண்டு வைப்பார்? அவளிடம் ஒரு பெரிய பண்ணைக்காரர் வீட்டுக் கல்யாணத்து மஞ்சப்பை இருந்தது. நொய்யரிசி அதற்குள் போனால் பொன்னியாக வெளியே வரும்.

"பை நல்லாத்தானுங்க இருக்குது. ஊட்டுக்குள்ள வெங்காயம் போட்டு வெக்கலாம்" என்று சொல்லிக் கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டிவிட்டாள்.

நான் சொன்ன பொய்

எனக்கு அந்தப் பையை விட மனசில்லை. சாப்பாட்டுத் தூக்கை அதில் போட்டு கம்பெனிக்குக் கொண்டுபோய் மிஷின் பக்கத்துக் கம்பியில் மாட்டிவைப்பேன்.

ஒருநாள் முதலாளி ஒரு வெள்ளைக்காரரை அழைத்துக்கொண்டு வந்தார். கூட மெட்ராஸிலிருந்து வந்த ஏஜெண்ட். பனியன் ஆர்டருக்கு வந்தவர்கள். வெள்ளைக்காரர் துணியைப் பார்த்தார், மிஷினைப் பார்த்தார், பிறகு என் சாப்பாட்டுப் பையின் முன்னால் நின்றுவிட்டார். தூக்குப்போசியை அவரே வெளியே எடுத்துக் கீழே வைத்துவிட்டுப் பையை இழுத்து இழுத்துப் பார்த்தார். அவர் ஊரில் பிளாஸ்டிக் கவரை ஒழிக்க வேண்டும் என்று கிளம்பியிருக்கிறார்களாம். காய்கறி வாங்க இந்த மாதிரிப் பைதான் கேட்கிறார்களாம். நாங்கள் கவரைக் கொடியில் காயப்போட்டுக்கொண்டிருந்தபோது அங்கே தூக்கி எறியத் தொடங்கிவிட்டார்கள்.

"டேய் தொரை, இதை யார்ரா பண்ணுனது?" என்றார் முதலாளி.

என் பெயர் துரைசாமி. இருபது பேர் மிஷினை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். அவர்கள் மீசைகளும் என்னைப் பார்த்தன.

"என்ற சம்சாரமுங்க" என்றேன்.

இதைச் சொல்ல எனக்கு ஒரு விநாடிகூட ஆகவில்லை. கொக்கி ஊசி அப்போது என் சட்டைப் பையில்தான் இருந்தது.

இரண்டு டஜன் சாம்பிள் வேண்டும் என்றார்கள். ஒரு மாதத்தில் வெள்ளைக்காரர் திரும்பி வருவார். அந்த அம்மாவை நேரில் பார்க்க ஆசைப்படுகிறார், கம்பெனிக்குக் கூட்டிக்கொண்டு வர வேண்டும் என்றும் சொல்லிவிட்டுப் போனார்கள்.

வீட்டில் சொன்னபோது சரஸ்வதி அரிசி களைந்துகொண்டிருந்தாள். கழுநீரைக் கொட்டிவிட்டு நிமிர்ந்தாள்.

"நீங்க பண்ணுனதுன்னு சொன்னா என்னுங்க ஆகும்?"

"சிரிப்பாங்க."

"சிரிச்சா?"

நான் நூலை எடுத்து முறுக்க ஆரம்பித்தேன்.

பட்டப்பகலில் சாத்திய கதவு

அந்த மாதம் எனக்கு நைட் ஷிப்ட். பகலில் வீட்டில் இருந்து பின்னினேன். சரஸ்வதி வெளியே நடமாடினால் பை யார் பின்னுகிறார்கள் என்ற கேள்வி வரும். ஆகவே அவளும் உள்ளேயே இருக்க வேண்டியதாயிற்று. புருஷனும் பெண்டாட்டியும் பட்டப்பகலில் கதவைச் சாத்திக்கொண்டிருந்தால் ஒரு லைன் வீடு என்ன நினைக்குமோ அதைத்தான் எங்கள் லைன் வீடும் நினைத்தது. சரஸ்வதி குழாயடிக்குப் போனால் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

"டிசைனு வெளிய போயிருமுன்னு மொதலாளிதானுங்க கதவச் சாத்திக்கச் சொன்னாரு" என்று அவள் ராஜாமணியக்காவிடம் சொன்னாள்.

"ஆமா கண்ணு, ஆமா. டிசைனு நொம்ப முக்கியம்" என்றார் ராஜாமணியக்கா.

உனக்கும் சொல்லித் தருகிறேன், நாலு நாளில் வந்துவிடும் என்று நான் கெஞ்சினேன். அவள் ஊசியைத் தொடவே இல்லை.

"நீங்க சொன்ன பொய்க்கு நான் எதுக்குங்க கை நோவணும்? பின்னறவரு பின்னுங்க. நான் கதவச் சாத்திட்டு உக்காந்துக்கறேன்."

ஊசியை எப்படிப் பிடிப்பது என்று மட்டும் கடைசியில் காட்டிக்கொடுக்கச் சொன்னாள். யாராவது கேட்டால் கையில் பிடித்துக் காட்ட வேண்டுமே என்று. அதையும் என் முகத்தைப் பார்க்காமல் கற்றுக்கொண்டாள்.

எம் சைஸ் பை

இருபத்து நாலு பையும் முடிந்து கம்பெனிக்குப் போனது. அங்கே நடந்ததை எழுதாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

கட்டிங் மாஸ்டர் பையைத் தூக்கிப் பார்த்து முதலில் கேட்ட கேள்வி: "சைஸ் என்னப்பா? எஸ் எத்தன, எம் எத்தன, எல் எத்தன?"

பைக்கு ஏது சைஸ் என்றேன். சைஸ் இல்லாமல் எக்ஸ்போர்ட் எப்படிப் போகும் என்றார். அவர் வாழ்நாளில் சைஸ் லேபிள் இல்லாத எதுவும் அந்தக் கட்டிடத்தை விட்டு வெளியே போனதில்லை. இருபத்து நாலு பைக்கும் விளிம்பில் 'எம்' என்று லேபிள் வைத்துத் தைக்கச் சொல்லிவிட்டார். பிறகு செக்கிங். டேப்பை வைத்து, பனியனைப் படுக்கவைத்து அளப்பது போல, நெஞ்சளவு, உயரம் என்று எழுதினார்கள். வலையை எப்படி இழுக்கிறோமோ அப்படி ஓர் அளவு வரும் என்று சொல்லிப் பார்த்தேன். "நீ மிஷின் ஓட்டறவன், உனக்கு இது புரியாது" என்றார்கள். அயர்ன் மாஸ்டர் நீராவிப் பெட்டியை வைத்து அழுத்தி, பந்து மாதிரி இருந்த பைகளை அப்பளமாக்கினார்.

கடைசியாகப் பேக்கிங். பிளாஸ்டிக் கவரை ஒழிக்கப் போகிற அந்த இருபத்து நாலு பைகளையும் தனித்தனியாகப் பிளாஸ்டிக் கவரில் போட்டு, ஸ்டிக்கர் ஒட்டி, அட்டைப் பெட்டிக்குள் இன்னொரு பெரிய பிளாஸ்டிக் கவர் விரித்து அடுக்கினார்கள். யாருக்கும் சிரிப்பு வரவில்லை. எனக்கு வந்தது. மேஸ்திரி முறைத்தார்.

போட்டோவுக்கு ஏற்ற சேலை

வெள்ளைக்காரர் வந்த நாளில் சரஸ்வதி கல்யாணப் பட்டைக் கட்டிக்கொண்டாள். அம்மா வீட்டுக் கம்மல், தலையில் கனகாம்பரம். முகத்துக்கு மஞ்சள் தேய்த்துக் குளித்திருந்தாள். பொய்யாகவே இருந்தாலும் முதல்முறையாக ஊர் அவளைப் பெரிதாகப் பேசியது. மடத்துக்குளத்துக்கும் செய்தி போயிருந்தது. அவள் அப்பா தபால் கார்டில் "உன் கைவேலை பற்றிக் கேள்விப்பட்டு மிக்க சந்தோஷம்" என்று எழுதியிருந்தார். அந்தக் கார்டை அவள் இரண்டாவது முறை படிக்கவில்லை.

செக்கிங் ஹாலில் ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். சுற்றிலும் பெண்கள். மிஷின் ஆட்களும் வாசலில் வந்து நின்றார்கள். ஏஜெண்ட் கழுத்தில் கேமரா. பையோடு ஓர் அட்டை கட்டித் தொங்கவிடப் போகிறார்கள், அதில் பின்னிய பெண்ணின் படம் இருக்கும் என்றார்கள். ஏஜெண்ட் சரஸ்வதியை மேலும் கீழும் பார்த்தார். பிறகு முதலாளியைத் தனியாக அழைத்தார். தனியாக என்றாலும் எல்லோருக்கும் கேட்டது.

"சார், இவங்க ரொம்ப ரிச்சா இருக்காங்க. நமக்கு ஒரு பாவப்பட்ட வில்லேஜ் லேடி லுக் வேணும். அப்பதான் அங்க வாங்குவான்."

முதலாளி கெட்டவர் இல்லை. அதனால்தான் அவ்வளவு குழைவாகச் சொல்ல முடிந்தது.

"அம்மணி, ஒண்ணும் நெனைச்சுக்காத கண்ணு. அந்தப் பட்ட மாத்திக்கிட்டு, கம்மலயும் கழட்டி வெச்சுட்டு வந்துரு. நம்ம மாராத்தாகிட்ட பழைய சேல ஒண்ணு இருக்குது, கட்டிக்கோ. ரெண்டு நிமிசந்தான்."

மாராத்தாள் கம்பெனி கூட்டுகிற அம்மாள். அவள் விளக்குமாற்றைச் சுவரில் சாத்திவிட்டு முன்னால் வந்தாள்.

"என்ற சேலைய எதுக்குங்க சாமி அந்தப் புள்ளைக்குக் குடுக்கறது? சேல எம்மேலதான இருக்குது. நானே உக்காந்துக்கறனே."

எல்லோரும் சிரித்தார்கள். சரஸ்வதி சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். சந்தையிலிருந்து திரும்பிய அன்று, திருப்பத்தில் நின்று துண்டு கேட்டாளே, அதே பார்வை. நொய்யரிசியைத் தெருவுக்குக் காட்டாமல் மூன்று வருஷம் காபந்து பண்ணியவளை, ஏழை வேஷம் போட்டு ஊர் பேர் தெரியாதவர்களுக்கெல்லாம் காட்டப் போகிறார்கள். மிஷின் பக்கம் துண்டு போட்டுக்கொண்டு போகக்கூடாது என்பதால் என் தோளில் அன்றைக்குத் துண்டும் இல்லை.

"அவ பண்ணலீங்க" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். "அவ பண்ணலீங்க மொதலாளி. எல்லாம் நான் பண்ணுனதுங்க."

"சும்மா இர்றா. வெளையாடற நேரமா இது?"

நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். சட்டைப் பையிலிருந்து ஊசியையும், படத்துக்காக அங்கே வைத்திருந்த நூலையும் எடுத்தேன். சங்கிலி போட்டு, வளையமாக்கி, சுற்றிச் சுற்றிப் பின்ன ஆரம்பித்தேன். முதல் சுற்றில் ஒரு கண் தப்பிவிட்டது. பிரித்து மறுபடி போட்டேன். மூன்றாவது சுற்றில் வாசலில் ஒருவன் சீட்டி அடித்தான். நாலாவது சுற்றில் எல்லாச் சத்தமும் நின்றுவிட்டது. பையின் அடிப்பாகம் அவர்கள் கண் முன்னால் உள்ளங்கை அளவுக்கு விரிந்திருந்தது.

வெள்ளைக்காரர் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார். என் முதுகில் தட்டினார். ஏஜெண்ட் அவர் காதில் ஏதோ சொன்னார். அவர் தோளைக் குலுக்கிக்கொண்டார். மீசை வைத்தவன் படத்தைப் பார்த்து எந்த ஊர் அம்மாவும் பை வாங்க மாட்டாளாம். முகமே வேண்டாம், வளையல் போட்ட இரண்டு கை போதும் என்று ஏஜெண்ட் முடிவு செய்தார்.

மாராத்தாளுக்கு யோகம் அடித்தது. அவள் கையில் ஊசியையும் பாதிப் பையையும் கொடுத்து, வளையல் தெரிகிற மாதிரி படம் எடுத்தார்கள். அந்த அட்டை ஒன்று இன்றும் என்னிடம் இருக்கிறது. அதில் மாராத்தாள் ஊசியைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறாள். கொக்கி உள்ளங்கைக்குள் இருக்கிறது, மொட்டை முனை நூலுக்குள் இருக்கிறது. அந்த அட்டையை முதலாளி பார்த்தார், ஏஜெண்ட் பார்த்தார், அச்சடித்தவன் பார்த்தான், கடல் தாண்டி வாங்கியவர்களும் பார்த்திருப்பார்கள். உலகத்தைத் திருத்தப் புறப்பட்ட இத்தனை கண்ணில் ஒன்றிலும் அது படவில்லை.

ஆர்டர் அதற்கப்புறம் பெரிதாக வளரவில்லை. வலையை மிஷினிலேயே ஓட்டித் தைத்துக் கொடுக்கிற கம்பெனி ஒன்று ஏஜெண்ட்டுக்குக் கிடைத்துவிட்டது.

துண்டு

மறுநாள் என் மிஷினில் ஒரு முழம் பூவும் அரை டஜன் கண்ணாடி வளையலும் மாட்டியிருந்தார்கள். குழந்தை ஜட்டிக்குப் பூ வைக்கிறவன்தான் அதில் முன்னால் நின்று சிரித்தான். பூவை எடுத்து அவன் பவர் டேபிள்மேல் வைத்துவிட்டு வந்தேன். பல வருஷம் என்னைப் 'பைக்காரம்மா' என்றுதான் கூப்பிட்டார்கள். வலித்தது என்பதை மறைக்கப் போவதில்லை.

அந்த வாரம் குழாயடியில் சரஸ்வதியிடம் என்னென்ன கேட்டார்களோ, குடத்தை இறக்கிவைத்துவிட்டு அவள் அடுப்படிக்குப் போய்விடுவாள். மடத்துக்குளத்துக்கு ஒரு கார்டு எழுதிப் போட்டாள். என்ன எழுதினாய் என்று கேட்கும் தைரியம் எனக்கு இல்லை.

ஞாயிற்றுக்கிழமை சந்தைக்குக் கிளம்பினோம். மஞ்சப்பையைத் தேடினேன். அவள் கதவுக்குப் பின்னால் போய், பழையபடி ஆணிக்கே போய்விட்ட வலைப்பையிலிருந்து வெங்காயத்தை முறத்தில் கொட்டிவிட்டு, பையை உதறி எடுத்துக்கொண்டாள்.

அதே சாமான்கள்தான். நொய்யரிசி, தக்காளி, கீரை, கருவாடு. கருவாட்டைக் கடைசியாக, மேலாக வைத்தாள். பையை என்னிடம் தரவில்லை, அவளே பிடித்துக்கொண்டாள். மண்ணரைத் திருப்பம் வந்தது. தெருவில் ஆட்கள் நின்றார்கள். வாசலில் ராஜாமணியக்கா கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தார். தோளில் இருந்த துண்டை எடுத்து, கையை நீட்டி, பைமேல் போர்த்தப் போனேன்.

அவள் துண்டைத் தள்ளிவிட்டாள். நடையை நிறுத்தவில்லை. பை அவள் முழங்காலில் இடித்து ஆடியது, நெத்திலிகள் தலையை நீட்டின.

"என்ன சரசு, என்னென்னமோ வெளிய தெரியுதாட்ட இருக்குது?" என்றார் ராஜாமணியக்கா.

"தெரியட்டுமுங்கக்கா. எங்கூட்டுக்காரரு பின்னுன பை" என்றாள் சரஸ்வதி.

பிறகு திரும்பி என்னைப் பார்த்தாள். துண்டு இன்னும் என் கையிலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

"ஏனுங்க, அதைத் தோள்ல போட்டுட்டு வாங்க" என்றாள்.